பரிசுக்கு முந்தியே மஞ்சப் பூசிக்கிட்ட கெடாக்குட்டி

எங்க வீட்டுக்காரவுக என்னைய ஒருநாளும் "சாப்பிட்டியா"ன்னு கேட்டதில்ல. அந்தக் கெடாக்குட்டிய மட்டும் காலையில ஒருதரம், மத்தியானம் ஒருதரம், படுக்கப் போறப்ப ஒருதரம் கேப்பாக. "என்னப்பா, வயிறு நெறஞ்சுச்சா?" அது அரபு நாட்டுச் செம்மறி, அதுக்குத் தமிழ் என்ன தெரியும்? மெண்டுக்கிட்டே இவுக மூஞ்சியப் பாக்கும். எனக்கு அடுப்படி சன்னல் வழியாப் பாத்தா சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும்.

ஷார்ஜாவத் தாண்டி மணக்காட்டுக்குள்ள, தைத் பக்கம் ஒரு தோட்டம். பேரீச்ச மரம், ஆட்டுக் கொட்டகை, நடுவுல பெரிய வீடு. அர்பாப்போட அம்மா அந்த வீட்டுல இருந்தாக. அர்பாப்னா மொதலாளி. அந்தம்மாவுக்குச் சமைக்கிறது நான், ஆடு பாக்குறது எங்க வீட்டுக்காரவுக. நான் அந்தம்மாவ பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன். முதல்ல முழிச்சாக, பெறகு அவுகளுக்கே பழகிப்போச்சு. நான் கூப்பிட மறந்தா கோவிச்சுக்கிருவாக.

ஒரே மொதலாளிகிட்ட புருசனும் பொண்டாட்டியும் வேல பாத்தா ஒரு சங்கடம் என்னன்னா, ரெண்டு பேருக்கும் சேந்து லீவு கெடைக்காது. நான் ஊருக்குப் போனா அவுக இங்க, அவுக போனா நான் இங்க. ஏர்போர்ட் வாசல்ல பாத்துப் பாத்தே குடும்பம் நடத்துன ஆளுக நாங்க. எங்க மக கல்யாணத்துக்கு நான் போயிட்டேன், அவுக கொட்டகையில நின்னுக்கிட்டு போன்லதான் கேட்டாக. என் தம்பி போனக் கொண்டுபோயி மேளக்காரர் பக்கத்துலயே புடிச்சுட்டான். பொண்ணு குரலு கேக்கல, மாப்பிள்ளை குரலு கேக்கல, அம்புட்டும் தவுல் சத்தம். "கல்யாணம் நல்லா இருந்துச்சு, எனக்குத்தான் காது ரெண்டு நாளா அடைச்சிருக்கு"ன்னு எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொன்னாக. சிரிப்பு மட்டும் கண்ணு வரைக்கும் போகல.

அந்த மக முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. தலைப்பிரசவம். அது நம்ம வீட்டுலதான பாக்கணும்? தாய்க்காரி இல்லாம ஆகாது. நான் போனா அவுக போகமுடியாது. "நீ போ புள்ள. எனக்கென்ன, இந்தத் தடவையும் போன்ல கேட்டுக்கிறேன். தவுல் இருக்காதுல்ல"ன்னாக.

நான் பெரியம்மாகிட்ட அழுது வச்சேன். பெரியம்மா மகன்கிட்ட சொன்னாக. அர்பாப் தாடியத் தடவிக்கிட்டு ஒரு வழி சொன்னாரு. குளிர்காலத்துல அங்க ஆட்டுக்கு அழகுப் போட்டி நடக்கும். ஆமா, சத்தியமா. ஆட்டுக்கு. காது எம்புட்டு நீளம், மூக்கு எப்படி வளைஞ்சிருக்கு, நிக்கிற நிலை எப்படின்னு பாத்துப் பரிசு குடுப்பாக. அர்பாப்போட சித்தப்பா மகன் ஆடுதான் வருசா வருசம் வாங்கும். "நம்ம வெள்ளைக் கெடா ஏதாவது ஒரு பரிசு வாங்கட்டும், ரெண்டு பேரும் ஒன்னாவே போங்க. வாங்கலையா, ஒருத்தர்தான். கலாஸ், அம்புட்டுதான்"னுட்டாரு.

அன்னையிலேர்ந்து அந்தக் கெடாக்குட்டி எங்க வீட்டு மாப்பிள்ளை.

உடம்பு பூரா பால் வெள்ளை, மூஞ்சி மட்டும் செங்காவி. அழகுதான், இல்லைங்கல. ஆனா இவுக பண்ணுன சேவகம் இருக்கே! பார்லிய ஊறவச்சு, குதிரைமசால் பில்ல நறுக்கி, ரெண்டு பேரீச்சம்பழத்தக் கொட்டை எடுத்துட்டுக் குடுப்பாக. எனக்கு என்னைக்காவது கொட்டை எடுத்துக் குடுத்திருக்காகளா? பெறகு வைட்டமின் மருந்து, சுண்ணாம்புச் சத்துப் பொடி. நான் நாலு பார்லிய கூடப் போட்டாப் போதும், "ஏ, தானியம் மிஞ்சுனா கெடாவுக்கு மூத்திரம் அடைச்சுக்கும். உன் பாசத்த அடுப்படியோட வச்சுக்க"ன்னு கத்துவாக. கொட்டகையில வெள்ளாடு நக்குறதுக்கு ஒரு உப்புக்கட்டி தொங்கும். அதுல செம்புச் சத்து இருக்காம், வெள்ளாட்டுக்கு நல்லதாம், செம்மறிக்கு ஆகாதாம். அந்தக் கட்டிப் பக்கம் நம்ம ஆளு மூக்க நீட்டுனாப் போதும், இவுக துண்ட ஆட்டிக்கிட்டு ஓடுவாக. நான் டாக்டரு குடுத்த பிரஷர் மாத்திரைய மறந்துட்டு ஒரு வாரம் திரிஞ்சேன், அது இவுகளுக்குத் தெரியவே தெரியாது.

அதவிட மெசினு. ரோமம் வெட்டுற கரண்டு மெசினு ஒன்னு இருந்துச்சு. அது இவுகளுக்குச் சின்ன வீடு. அந்த ஊரு ஆட்டு ரோமத்துக்குள்ள மணலு கெடக்கும், அப்படியே வெட்டுனா பிளேடு மழுங்கிப் போகும். அதுனால ஆட்டக் குளிப்பாட்டி, நல்லாக் காயவிட்டுத்தான் மெசினத் தொடுவாக. வெட்டும்போதே அப்பப்ப நிறுத்தி எண்ணெய் விடணும். பிளேடு சூடாகுதான்னு உள்ளங்கையில வச்சுப் பாக்கணும். முடிஞ்சதும் பிரஷ்ஷால தூசு தட்டி, துணியில சுத்திப் பொட்டிக்குள்ள வைக்கணும். தண்ணி படவே கூடாது. பிளேடு தீட்டணும்னா ஷார்ஜா தொழில்பேட்டைக்கு வண்டி போற அன்னைக்கு மடியில வச்சுக்கிட்டுப் போவாக. "புள்ளைக்குத் தடுப்பூசி போடப் போறீகளா?"ன்னு கேட்டா மொறைப்பாக.

இப்படியெல்லாம் பாத்த மனுசன் போட்டிக்கு ரெண்டு நாளைக்கு முந்தி என்ன செஞ்சாகன்னு கேளுங்க.

காலுக்கும் கழுத்துக்கும் ரோமத்த ஒழுங்கு பண்ண உக்காந்தாக. மெசினு எண்ணெய் தீந்துபோச்சு. கடை தூரம். அடுப்படிக்கு வந்து, "ஏ புள்ள, உன் தேங்காயெண்ணெய்ல கொஞ்சம் ஊத்து"ன்னாக.

"தலைக்குத் தேய்க்கிறதையா மெசினுக்கு ஊத்துவீக?"

"எண்ணெய்னா எண்ணெய்தான். யல்லா, சீக்கிரம் குடு."

தை மாசக் குளிரு. மணக்காட்டுல அதிகாலையில வெரலு வெறச்சுப் போகும். தேங்காயெண்ணெய் நம்ம ஊருலயே மார்கழியில உறையும், அங்க சும்மா இருக்குமா? நான் உருக்கித்தான் குடுத்தேன். இவுக மெசினுல விட்டுட்டு, டீ குடிச்சுட்டு, பீடி ஒன்னு பத்திட்டு ஆற அமர வந்து சுவிச்சப் போட்டாக. உள்ள எண்ணெய் மெழுகு மாதிரி இறுகிக் கெடக்கு. மெசினு முக்கி முனகி, ரோமத்தக் கவ்வி, ஒரு துள்ளு துள்ளுச்சு. கெடாவும் துள்ளுச்சு. காதுக்குக் கீழ, கழுத்துல ஒரு கீறல். ரத்தம்.

இவுக கையில மெசினோட அப்படியே சமைஞ்சு நிக்கிறாக. நான் ஓடுனேன். ரத்தத்தப் பாத்தா நம்ம கை எங்க போகும்? மஞ்சத்தூள் டப்பாவுக்குத்தான். ஒரு பிடி அள்ளி வச்சு அமுக்குனேன். ரத்தம் டக்குனு நின்னுபோச்சு. நான் பெருமையா நிமிந்து பாக்குறேன், இவுக தலையில கை வச்சு உக்காந்துட்டாக.

"அடிப்பாவி, வெள்ளை ஆடுடி!"

பால் வெள்ளைக் கழுத்துல அம்மன் கோயில் மஞ்சக் காப்பு. சரி, கழுவிருவோம்னு சோப்பு போட்டாக. மஞ்சளும் சோப்பும் சேந்தா என்ன ஆகும்னு துணி துவைக்கிற பொம்பளைகளக் கேளுங்க. செக்கச் செவேல்னு ஆகிப்போச்சு. இவுக "ரத்தம்! ரத்தம்!"னு அலறுறாக. "ரத்தமில்ல, சோப்பு. தண்ணிய ஊத்துங்க"ன்னு நான் சிரிக்கிறேன், சிரிச்சு முடியல. தண்ணிய ஊத்துனா மறுபடி மஞ்சளு, முன்னவிட அகலமா.

பெறகு நான்தான் சொன்னேன், மஞ்சக் கறை வெயிலுக்குத்தான் பயப்படும்னு. மறுநாப் பூரா கெடாவ வெயில்ல கட்டிப்போட்டு, அது நகர நகர நானும் பின்னாடியே போயி கழுத்தச் சூரியன் பக்கமாத் திருப்பிவிட்டேன். சாயந்தரம் எலுமிச்சம்பழ நெறத்துக்கு வந்துச்சு. அதுக்கு மேல போகல. அன்னைக்கு ராத்திரி இவுக சோறு திங்கல. "மக பிரசவத்துக்கு நீயே போ"ன்னு மட்டும் சொன்னாக. அப்பத்தான் என் சிரிப்பு நின்னுச்சு.

போட்டி நடக்குற இடத்துல கூடாரம் போட்டுக் கம்பளம் விரிச்சிருந்தாக. பெரியம்மாவும் நானும் வண்டிக்குள்ள உக்காந்திருந்தோம். எங்க ஆளு கெடாவப் புடிச்சுக்கிட்டு இறங்குனதும் ஒரே சிரிப்புச் சத்தம். எனக்கு ஒன்னும் விளங்கல. பெரியம்மாதான் சொன்னாக: அந்த நாட்டுல ஒட்டகமோ ஆடோ ஜெயிச்சா, தலையிலயும் கழுத்துலயும் குங்குமப்பூவக் கரைச்சுப் பூசுவாகளாம். மஞ்சளா இருக்குமாம். நம்ம கெடா போட்டி தொடங்குறதுக்கு முந்தியே பூசிக்கிட்டு வந்து நிக்கிது!

சித்தப்பா மகன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். "பரிசையும் வீட்டுலேர்ந்தே கொண்டு வந்துட்டீகளா?"ன்னு அர்பாப்பக் கேக்குறான். பயலுக எல்லாம் கேமரா போன்ல படம் புடிக்கிறானுக. அர்பாப் மூஞ்சி எங்க வீட்டுக்காரவுக மூஞ்சியவிடச் சின்னதாப் போச்சு.

அதுகூடப் பரவால்ல. நடுவரு ஒரு நரைச்ச தாடிக்காரரு, கிட்ட வந்து ரோமத்த நீவிப் பாத்தாரு. "சாயம் பூசுன ஆடு மாஃபி, ஆகாது. வெளிய கொண்டுபோ"ன்னாரு. சாயம் பூசி ஏமாத்துனா சேக்கமாட்டாகளாம். இவுக கெடா கழுத்தத் துண்டால மறைக்கப் பாக்குறாக, வண்டியிலேர்ந்தே எனக்குத் தெரியிது.

பெரியம்மா கதவத் தொறந்து இறங்கிட்டாக. கைத்தடிய ஊனிக்கிட்டு நேரா நடுவருகிட்ட போனாக. நான் பின்னாடியே ஓடுனேன். "சாயமா? மோந்து பாரு"ன்னாக. அவரு வெரல நனைச்சுத் தேய்ச்சு மோந்தாரு. "இது கறி வாசன அடிக்கிதே!"

"அடிக்காம? என் சமையக்காரி போட்ட மஞ்சளு. அழகுக்கா போட்டா? காயத்துக்குப் போட்டா. ரோமத்த வெலக்கிப் பாரு."

அவரு வெலக்கிப் பாத்தாரு. கீறல் அழகா ஆறி, மேல பொருக்கு தட்டியிருந்துச்சு. என்னையப் பாத்தாரு. நான் முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டேன். அவருக்குத் தாடிக்குள்ள சிரிப்பு. "பிரியாணிக்கு மசாலா தடவுனியோன்னு பயந்துட்டேன்"ன்னாரு. சுத்தி இருந்தவுக எல்லாம் கொல்லுனு சிரிச்சாக. கெடாவ வரிசையில நிக்க விட்டுட்டாக.

மூணாம் பரிசு. காதும் மூக்கும் நல்லா இருக்காம், நெறத்துல கொஞ்சம் கொறச்சுட்டாகளாம். குங்குமப்பூவ எங்கடா பூசுறதுன்னு தேடி, இடமில்லாம மண்டையில மட்டும் ஒரு பொட்டு வச்சு விட்டாக.

திரும்பி வர்றப்ப வண்டியில அர்பாப் மெல்ல ஆரம்பிச்சாரு. "மூணாவதுதான வந்துச்சு. ரெண்டு பேரும் போயிட்டா கெடாவ யாரு பாப்பா? மெசின யாரு பாப்பா?"

பெரியம்மா சன்னலப் பாத்துக்கிட்டே சொன்னாக: "நீதான் பாக்கணும். ஏதாவது ஒரு பரிசுன்னு சொன்ன வாயி உன்னுதுதான?"

ஊருக்குப் போற வரைக்கும் இவுக மொதலாளிக்குப் பாடம் எடுத்தாக பாருங்க. கந்தூராங்கிற வெள்ள அங்கிய முட்டிக்கு மேல தூக்கிச் செருகிக்கிட்டு அர்பாப் கொட்டகையில குத்தவச்சிருக்காரு, இவுக நின்னுக்கிட்டு, "அங்க இல்ல அர்பாப், பிளேடு பல்லு இடுக்குல பிரஷ்ஷ விடுங்க"ன்னு அதட்டுறாக. அந்தக் குரல என்கிட்டகூட காட்டுனதில்ல.

ஒரே பிளேன்ல, பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஊருக்கு வந்தோம். மொதத் தடவ. நான் பேச எம்புட்டோ வச்சிருந்தேன், இவுக ஏறுனதுமே தூங்கி என் தோள்ல சாஞ்சுட்டாக, கொறட்டை வேற.

மகளுக்கு வலி எடுத்தப்ப நான் உள்ள, அவுக ஆஸ்பத்திரி வராந்தாவுல. பொம்பளப் புள்ள. வீல்னு அழுதுக்கிட்டிருந்த புள்ளைய நர்சு வெளிய கொண்டாந்ததும் நான் கை நீட்டுறதுக்குள்ள அவுக வாங்கிட்டாக. வாங்கி, பச்சப்புள்ளைய நெஞ்சுக்கடியில ஒரு கை, பின்னாடி ஒரு கை குடுத்துக் குட்டியத் தூக்குற மாதிரித் தூக்குனாக.

"அய்யய்ய, ஆட்டுக்குட்டின்னு நெனச்சீகளா? தலையப் புடிங்க, தலைய! இங்க குடுங்க!"

நான் பிடுங்கப் போனேன். தொறந்த கதவுக்கு உள்ள, கட்டில்லேர்ந்து மக களைச்ச குரல்ல சிரிச்சா.

"விடும்மா. அப்பா கையிலதான் அழுகாம இருக்கு."