கப்டனுக்கு அம்மாள் வந்தபோது

பேப்பரில் ‘குரங்கம்மை’ என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய்ச் செய்தி வாசித்துச் சிரிக்கிற மனுஷனா என்று மனைவி முறைத்தாள். என்ன செய்வது? அம்மை கண்ட குரங்கொன்றை எனக்குத் தெரியும். அதற்கு ‘ங்கோ’ போட்டு மரியாதையாகக் கதைத்தவன் நான்.

அறுபதுகளில் மயிலிட்டிப் பக்கம் சுகாதாரப் பரிசோதகராக வேலை தொடங்கியிருந்தேன். புதுச் சைக்கிள், மிஷன் பள்ளிக்கூடத்துத் திமிர், பெட்டியில் பெரியம்மைத் தடுப்புக்கான அம்மைப்பால் மருந்து. இந்தியாவுக்குப் போகிறவர்கள் கையில் கீறி அதைக் கட்டாயம் கட்டிக்கொள்ள வேண்டும். என் ஸ்பிரிட் மணம் ஒழுங்கைக்குள் வருமுன்பே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

அங்கே மனோன்மணி அக்கா என்று ஒருவர். கணவர் கப்பலில் வேலை. ஒருமுறை வந்தபோது குரங்குக் குட்டியொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் கப்டன். பிள்ளையில்லாத அக்காவுக்கு வீட்டில் வேறு துணையில்லை. அயலுக்கோ அது பெரிய தலையிடி. காயப்போட்ட கருவாடு தொடக்கம் பக்கத்து வீட்டுச் சின்னராசா அண்ணையின் சால்வை வரை எதையும் விடாது. அண்ணை என்னைக் கண்ட இடமெல்லாம் மறிப்பார்.

“தம்பி, உந்தக் குரங்கைச் சுடுவிக்க ஏலாதே?”

ஒருநாள் கந்தோருக்குச் செய்தி வந்தது. கப்டனுக்குக் கொப்புளம்! அக்கரையில், இந்தியாவில், பெரியம்மை இருந்த காலம். எங்கள் மேலதிகாரி நடுங்கிப்போய், நாய் சுடுகிறவரைத் துவக்கோடு என்னுடன் அனுப்பிவிட்டார். “சந்தேகமெண்டால் சுட்டுப்போடுங்கோ.”

அக்கா வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. குறுக்கே நின்றவர் வேறு யார், சின்னராசா அண்ணைதான்.

“எங்கை உந்தக் குரங்கு?” என்றேன்.

“உஷ்! அப்பிடிக் கதையாதேங்கோ. அம்மாள் வந்திருக்கிறா.”

“நீங்கள்தானே அண்ணை சுடச் சொன்னது?”

“அது போன மாசம். இப்ப துவக்கு உள்ளுக்கை போறதெண்டால் என்னைச் சுட்டுப்போட்டுப் போங்கோ.”

திரும்பிப் பார்த்தேன். என்னோடு வந்தவர் துவக்கை வேலியில் சாத்திவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மெதடிஸ்தக் கிறிஸ்தவன் நான் ஒருவன்தான் தனித்துப்போனேன்.

உள்ளே கப்டன் வேப்பிலைப் படுக்கையில் இளநீர் வழுக்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்ணை கிட்டப் போனதும் சால்வையை எட்டிப் பிடித்தது.

“தாயே, விடுங்கோ அம்மா, கிழியப் போகுது!”

எனக்கும் வாயில் மரியாதை தானாக வந்தது. “கையை ஒருக்காக் காட்டுங்கோ” என்றேன், குரங்கிடம்.

மிருக வைத்தியருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வருமட்டும் அக்கா கப்டனை மடியைவிட்டு இறக்கவில்லை. வந்தவர் பார்த்தார். கொப்புளம் விரல்களிலும் உதட்டிலும் மட்டுந்தான். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார். சிதம்பரம் போவதற்காக நான் கட்டிய அம்மைப்பால் புண், பொருக்குக் கிளம்பிக் கிடந்தது.

“உந்தப் பொருக்கை ஆர் கிள்ளினது?”

“கப்டன்தான். பேன் பாக்கிற மாதிரி இருந்து கிள்ளுவான்.”

வைத்தியர் என்னைக் காட்டிச் சிரித்தார். “பெரியம்மையுமில்லை, ஒண்டுமில்லை. இவர் உங்களுக்குக் கட்டினதை உவர் தனக்கும் கட்டியிருக்கிறார்!”

அக்கா அழுதுகொண்டே சிரித்தா. எனக்கும் கண் கலங்கியது. ஒழுங்கை முழுக்கக் கூடி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கப்டனுக்குத் தண்ணீர் வார்த்தார்கள். அதன் பிறகு கருவாடு களவு போகாமலில்லை. ஆனால் ஒருவர் வாயிலும் ‘உந்தக் குரங்கு’ வரவில்லை.

பல வருஷம் கழித்து, வேறிடத்துக்கு மாற்றலாகியிருந்த நான் இணுவில் கோயில் திருவிழாவில் சின்னராசா அண்ணையைக் கண்டேன். கப்டன் எப்படி என்று கேட்டேன்.

“மோசம் போட்டார், தம்பி” என்றார், காலமான பெரியவர் ஒருவரைச் சொல்வதுபோல. ஓரம் கிழிந்த சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

இப்போது பெரியம்மை உலகத்திலேயே இல்லை. பேரப்பிள்ளைகளின் கையில் அம்மைப்பால் தழும்பும் இல்லை. உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு மயிலிட்டிக்குப் போனபோது ஒழுங்கை இருந்த இடமே தெரியவில்லை. அக்கா வீட்டடியென்று நான் நினைத்த இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. செருப்பைக் கழற்றினேன். மெதடிஸ்தன் செய்கிற வேலையில்லைத்தான்.

“போட்டு வாறன், கப்டன்” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.