எறும்பு ஏறாத அரிசி

2023ஆம் ஆண்டு ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். நல்ல பனி, காற்று இல்லை. தைப்பொங்கல். புளியங்கூடலில் எங்கள் வீட்டு முற்றத்தில் தங்கை அரிசி மாவால் கோலம் போட்டு முடித்திருந்தாள். பொங்கலுக்கு வன்னிப் பச்சையரிசி. கோலத்துக்கு மட்டும் பர்மா அரிசி மா.

“எறும்பு தின்னுறதுக்குத்தானே அண்ணை, விலை குறைஞ்சது போதும்” என்றாள்.

உரம் கிடைக்காமல் வயல்கள் பொய்த்துப்போன காலத்துக்குப் பிறகு, கப்பலில் வந்த பர்மா அரிசிதான் தீவுகளில் மலிவாகக் கிடைத்தது. நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவன். அதனால் தைப்பூச அன்னதானத்துக்கு அரிசி வாங்கும் பொறுப்பைக் கோயில் சபை என்னிடமே தந்தது. ஊர்காவற்றுறைக் கடையொன்றில் இருபத்தைந்து கிலோ மூடை ஆறு எடுத்துக் கோயில் களஞ்சிய அறையில் அடுக்கினேன். வீட்டுக்கும் ஒன்று எடுத்தேன். மூடைகளில் வட்ட வட்டமான எழுத்துகள். தூரத்தில் பார்த்தால் சிங்களம் போல இருந்தது; கிட்டப் போனால் இல்லை. நிறையைத் தவிர அதில் வேறொன்றையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

வழக்கத்தில் பொங்கலன்று மத்தியானத்துக்குள் கோலத்தின் கோடுகள் அறுந்துவிடும். அன்று மாலையும் கோலம் முழுதாக இருந்தது. மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் அதன் நடுவில் ஒரு சிட்டிகை சீனி வைத்தேன். எறும்புகள் வந்தன. கோடு வரை நேராக வந்தவை, கோட்டின் ஓரமாகவே சுற்றி நடந்தன. தங்கையின் விரல் ஓரிடத்தில் வழுக்கியிருந்ததால் அங்கே மா படாத ஒரு இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் புகுந்து, சீனியைத் தூக்கிக்கொண்டு, அதே வழியால் வெளியே போயின. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். முந்நூற்றுச் சொச்சத்தில் ஒன்றுகூட மாவை மிதிக்கவில்லை.

“எறும்பு வந்தாலும் பேசுறியள், வராட்டிலும் பேசுறியள். உதுகளுக்கு என்ன வேலை, உங்களுக்குக் கணக்குக் காட்டுறதே?” என்றாள் தங்கை.

“நாங்கள் இதைத்தான் மூண்டு கிழமையாச் சாப்பிடுறம்.”

“ஓம். நான் செத்திட்டனே?”

அவள் அப்படிக் கேட்டபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. எனக்கு நீரிழிவு வந்து பதினாறு வருடம். பின் வேலியோரம் நான் சிறுநீருக்கு ஒதுங்கும் இடத்தில், திரும்பி நாலு அடி வைப்பதற்குள் எறும்பு கூடிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரத்தச் சோதனையைவிட அதைத்தான் நான் நம்பி வந்தேன். அன்று போய்க் குந்தியிருந்து பார்த்தேன். ஈரம் காய்ந்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு முழம் தள்ளி, செத்த வண்டொன்றை இழுத்துக்கொண்டு போன வரிசை, அந்த இடத்துக்கு வந்ததும் வளைந்து போனது.

சர்க்கரை குறைந்திருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறும் வயிற்றில் 212. முந்தின மாதம் 208.

கோயில் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி ஐயரைக் கூட்டிக்கொண்டு போனேன். எலிப் புழுக்கை இல்லை. வண்டு இல்லை. எப்போதும் உள்சுவரில் ஒட்டியிருக்கும் பல்லிகள் வெளித் திண்ணைச் சுவரில் வரிசையாக இருந்தன. அறைக்குள் அரிசியின் மணமும் இல்லை, சாக்கின் மணமும் இல்லை. ஐயர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“துப்புரவா இருக்குத்தானே மனேச்சர்” என்று சிரித்தார். உள்ளே மட்டும் வரவில்லை.

பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பக்கத்து ஊரான சுருவிலிலிருந்தும் சனம் வரும். முக்கால்வாசி கிழடுகளும் குழந்தைகளும். ஊர்காவற்றுறைக்குப் போய்க் கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன்.

“கப்பல்ல வாற சாமானுக்கு மருந்துப் புகை போடுறது வழமை ஐயா. போடாட்டில்தான் நீங்கள் சண்டைக்கு வரவேணும்.”

“புகை போனாப் பிறகு எறும்பு வரவேணுமே.”

“அரிசிக்கு நான் பொறுப்பு. எறும்புக்கு என்னாலை ஏலாது.” கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவனே குரலைத் தணித்தான். “உங்கடை மனம் சரியில்லையெண்டால் கொண்டுவாங்கோ. பாதிக் காசு தாறன். நெடுந்தீவு வள்ளத்திலை ஏத்திவிட்டால் ரண்டு நாளிலை வித்துப்போம்.”

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதிக் காசு பெரிய காசு. அவன் கடை மேசைக்குப் பின்னால் அதே அரிசி மூடை ஒன்று வாய் திறந்து கிடந்தது. கடைப் பூனை அதைத் தாண்டாமல், மேசையைச் சுற்றிக்கொண்டு என் காலடிக்கு வந்தது. “வேண்டாம் தம்பி” என்றேன்.

வன்னி அரிசி ஆறு மூடை என் கைக்காசில் வாங்கிக் கோயிலில் இறக்கினேன். பர்மா அரிசியை உழவு இயந்திரத்தில் ஏற்றி, கடற்கரைப் பக்கத்துத் தரிசு நிலத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பேரைப் பிடித்து ஆள் உயரக் கிடங்கு வெட்டுவித்தேன். அரிசி குழிக்குள் விழுகிற சத்தம் அவ்வளவு நேரம் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. வெட்டியவர்களில் ஒருவன், “ஐயா, ஆருக்கும் சொல்லமாட்டம்” என்றான். நான் எதைச் செய்ததாக அவன் நினைத்தானோ தெரியாது.

பூசத்தன்று எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அரிசி நல்ல ருசி என்று ஐயர் சொன்னார். மற்றத் தீவுகளில் பர்மா அரிசி தின்றவர்களுக்கும் ஒன்றும் ஆனதாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு விசர் என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம்.

வன்னி அரிசி ஆறு மூடை 34,800. உழவு இயந்திரம் 6,000. கிடங்கு வெட்டுக் கூலி 7,000. தங்கை வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த நான் கொண்டுபோய்க் கொட்டிய வீட்டு மூடை, வாங்கின விலைக்கு 4,600. எல்லாமாக ஐம்பத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய்.