பூசைக்கு வைத்த பெட்டி

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அதைக் கூட்டிப் பெருக்கும் பெரியாயிக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. அவள் பிடிவாதம் மட்டும் தோட்டத்துக்கே தெரியும்.

1998இல் அவள் மகள் தயானி சாதாரணதரப் பரீட்சை எழுத இருந்தாள். அங்கே அதுவரை ஒரு பிள்ளைகூட விஞ்ஞானத்தில் சித்தியடைந்ததில்லை. பதுளை நகரப் பிள்ளைகளுக்குத் தனி ஆய்வுகூடம் இருந்தது. இங்கேயோ சோதனைக் குழாயைப் பள்ளி அதிபர் குமாரசிங்கம் கரும்பலகையில் வரைவார், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். "அது எத்தன பெருசுடி?" என்று பெரியாயி கேட்டாள். தயானிக்குச் சொல்லத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பதுளையிலிருந்து வந்த விஞ்ஞானப் பெட்டி ஒன்று இரண்டு வருசமாக அதிபர் அறையில் பூட்டிக் கிடந்தது. உடைந்தால் இன்னொன்று இந்த மலைக்கு வராது என்பது அவர் பயம். சரஸ்வதி பூசைக்கு மட்டும் பெட்டி வெளியே வரும், பொட்டு வாங்கும், மறுநாள் உள்ளே போய்விடும்.

அந்த வருசம் பூசைக்கு மறுநாள் காலை, பெரியாயி பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"விடுங்கோ பெரியாயி, உள்ளுக்கு வைக்கவேணும்."

"எப்படிங்கய்யா? பூசைக்கு வச்ச கவ்வாத்துக் கத்திய மறுநா மலைக்குக் கொண்டுபோயி ஒரு செடியாவது வெட்டுறோம். புள்ளைங்க ஒரு எழுத்தாவது படிக்குதுங்க. இந்தப் பெட்டி மட்டும் என்னா புது மாப்பிள்ளையா, பொட்டு வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்க?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிபர் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"உடைஞ்சால் ஆர் பொறுப்பு?"

"நான்தாங்க. தாளக் கொண்டாங்க, கைநாட்டு வைக்கிறேன்."

வைத்தும் விட்டாள். பெட்டி திறந்தது. சோதனைக் குழாய் தன் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம் என்று தயானி அன்றுதான் கண்டாள்.

அன்றே ஒன்று உடைந்தது. பிள்ளைகள் கையில் இல்லை, அதிபர் கையில். பெரியாயி விளக்குமாற்றோடு வந்தாள்.

"கைநாட்டு என்னுதுதானே. நீங்க பாடத்த நடத்துங்கய்யா."

டிசம்பரில் பரீட்சை முடிந்த பின்னும் பெட்டி பூட்டப்படவில்லை. பெறுபேறு வந்தபோது விஞ்ஞானத்தில் ஐந்து பேர் சித்தி. தயானிக்கு அதற்கும் மேலே, திறமைச் சித்தி. அதை லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லி முடிக்கப் பெரியாயிக்கு மூன்று நாள் பிடித்தது.

அடுத்த பூசைக்கு, கறுத்துப்போன குழாய்களை அடுக்கிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள் அவள். சும்மா கிடந்த பழைய பூட்டை அதிபர் நீட்டினார்.

"இதையும் வையுங்கோவன்."

"வேணாங்கய்யா," என்றாள் பெரியாயி. "வச்சா நாளைக்கு அதுக்கும் வேல குடுக்கணும்."