சாக்பீஸ் அக்காவும் மூன்று மேனிஃபோல்டுகளும்

படகுத்துறையில் எல்லாரும் அவளைச் சாக்பீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த டிக்கெட் கொடுப்பவர்கூட. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு வாத்தியார் அவள் வீட்டுக்காரர். அக்கா படகு எஞ்சின் பார்ப்பவள். முழங்கை வரை கிரீஸ், தலையில் இறுக்கிக் கட்டிய துணி, பின்பாக்கெட்டில் ஸ்பானர். அந்தப் பெயர் ஒரே மத்தியானத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்பு பதினான்கு வருஷம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் சோதனை மேசையில் இருந்தாள். உருக்கி ஊற்றி ஆறிய இரும்பு அவள் முன்னால் வந்து இறங்கும். விரிசல் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தேறாததை அன்றைக்கே சுத்தியலால் உடைத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பயணிகள் படகு ஓட்டும் தம்பி வந்து நின்றான்.

"வீட்டுல உக்காந்து சுவத்தையா சோதிக்கப்போற? வந்து என் எஞ்சினப் பாருக்கா."

வந்தாள். ஐந்தே வருஷத்தில் துறையில் பாதி எஞ்சின்கள் அவள் கைக்கு வந்துவிட்டன.

தம்பியின் பட்டப்பெயர் அவசரம். கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே படகைக் கிளப்பிக் கட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்த வாரம் அவனுக்கு உயிர் போகிற காரியம். அக்கரைக்கு ஆள் ஏற்றும் பாதையை யாருக்குத் தருவது என்று முடிவாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் துறை அதிகாரி படகில் ஏறிப் போய்வருவார். ஒழுங்காக ஓடினால் பாதை தம்பிக்கு. இல்லையென்றால் பக்கத்தில் பளபளவென்று நிற்கும் புதுப் படகுக்கு.

திங்கட்கிழமை எஞ்சினின் மேனிஃபோல்டு வெடித்துவிட்டது. எஞ்சினிலிருந்து வரும் கொதிக்கிற புகையை வாங்கி வெளியே தள்ளும் இரும்புக் குழாய் அது. சூடு தாங்குவதற்காக அதைச் சுற்றி இரண்டாவது சுவர் ஒன்றுண்டு. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓடும். சுவரில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கும். அப்புறம் எஞ்சினை எடைக்குத்தான் போட வேண்டும்.

கம்பெனி சாமான் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். விலையைக் கேட்டதும் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா வெளிச் சந்தைச் சாமான் மூன்றை வரவழைத்தாள். மூன்றும் சேர்ந்தே கம்பெனி சாமானின் விலையில் பாதிதான்.

"ஒரு எஞ்சினுக்கு மூணா? குடும்பக் கட்டுப்பாடே கெடையாதா உனக்கு?" என்றான் தம்பி.

"மூணுல ஒண்ணாவது தேறும்டா. எது தேறும்னு இரும்பே சொல்லும்."

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரரின் பையிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸ்களைப் பொடித்து, ஸ்பிரிட்டில் குழைத்து, மூன்றின் மேலும் பூசினாள். பழைய டூத்பிரஷ்ஷால் புகை போகும் துளைகளுக்குள்ளும் பூசினாள். காய்ந்ததும் தண்ணீர்ப் பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றி வாயை அடைத்தாள். தண்ணீர் புகாத சந்திலும் மண்ணெண்ணெய் புகும். புகுந்தால் வெள்ளைப் பூச்சில் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

"என்னம்மா, இரும்புக்கு மேக்கப்பா?" என்று புதுப் படகுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்று பத்தாவது நிமிஷத்திலேயே வேர்த்தது. இன்னொன்று அரைமணி கழித்து உள்ளே ஒரு கறுப்புக் கோடு காட்டியது. மூன்றாவது ஒரு மணி நேரம் ஆகியும் அசையவில்லை. நல்லதன் மேல் ஒரு டிக், மற்ற இரண்டிலும் பெருக்கல் குறி. கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த இரண்டையும் உடைக்காமல் வைத்தாள். அங்கேதான் அவளுக்கும் சறுக்கியது.

மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் வாங்கப் போய் இரண்டு மணிக்குத் திரும்பினாள். பெஞ்சின் மேல் மூன்று மேனிஃபோல்டுகள் வெயிலில் மின்னின. மூன்றும் அச்சு அசல் ஒன்றேபோல்.

"எப்படி?" என்று தம்பி பல்லைக் காட்டினான். "அதிகாரி வர்ற நேரத்துல பட்டறை சுத்தமா இருக்கணும்ல? சோப்புப் போட்டுத் தேச்சுட்டேன்."

"நான் போட்ட டிக்?"

"அந்தக் கிறுக்கலா? அதையும்தான்."

அக்கா மூன்றையும் மாறி மாறிப் புரட்டிப் பார்த்தாள். தம்பிக்கு மெல்ல உறைத்தது. முகம் சாக்பீஸைவிட வெளுத்துப்போயிற்று.

"அக்கா... தட்டிப் பாரேன். சத்தத்தை வெச்சே சொல்லிடுவியே."

"காது நீ விடுற பொய்யக் கண்டுபிடிக்க. இரும்புக்குச் சாக்பீஸ்தான். மாமாவுக்குப் போனப் போடு, ஒரு டப்பா வேணும்னு சொல்லு. ஓடு!"

அவன் போனும் போட்டான், பள்ளிக்கூடத்துக்கும் ஓடினான். பாதி வழியில் வாத்தியார் சைக்கிளில் எதிரே வந்தார். டப்பாவைப் பறித்துக்கொண்டு இவன் திரும்பி ஓட, "டேய், மூடி திறந்திருக்குடா!" என்று அவர் பின்னாலேயே மிதித்தார். வழியெல்லாம் சிதறியது போக டப்பாவில் பாதி மிஞ்சியது. போதும்.

பூச்சு, மண்ணெண்ணெய், அடைப்பு. மணி இரண்டு நாற்பத்தைந்து. புதுப் படகுக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டார். டிக்கெட் கொடுப்பவர், கயிறு பிடிப்பவர்கள், சும்மா வந்தவர்கள் என்று பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

பத்தாவது நிமிஷம் நடுவில் இருந்தது வேர்த்தது. "ஒண்ணு அவுட்!" என்று கூட்டம் கத்தியது.

மிச்சம் இரண்டு. இருபது நிமிஷம். முப்பது நிமிஷம். இரண்டுமே வெள்ளை வெளேர். தம்பி நகத்தையெல்லாம் கடித்து முடித்திருந்தான்.

"ஏதாவது ஒண்ண மாட்டிடலாம்கா. பாதிக்குப் பாதி."

"அறுபது பேர் ஏறுற படகுடா. பாதிப் பேர நடுத்தண்ணியிலயா எறக்கிவிடுவ?"

முப்பத்தாறாவது நிமிஷம் டார்ச்சைப் பிடித்து இடது பக்கத்துச் சாமானின் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தவள் மூச்சைப் பிடித்தாள். வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு கோடு, எறும்பு ஊர்கிற வேகத்தில் நீண்டது.

"ரெண்டு தப்புன்னா, மூணாவது சரி" என்றார் வாத்தியார்.

"எங்களுக்கும் அவ்வளவு கணக்கு வரும். அந்த நட்ட எடுங்க!"

மூன்று மணி இருபத்தைந்து. தம்பி துடைக்க, வாத்தியார் நட்டு எடுத்துத் தர, அக்கா முறுக்கினாள். ஒரு துளை நூலளவு தள்ளி இருந்தது. அரத்தால் ராவிச் சரிசெய்தாள். மலிவுச் சாமான் என்றால் இந்தக் கூலி உண்டு. நாலு ஐம்பதுக்குக் கடைசித் தண்ணீர் ஹோஸையும் மாட்டி முடித்தாள். ஐந்துக்கு அதிகாரி ஏறினார்.

அக்கரை வரை எஞ்சின் பக்கத்திலேயே குனிந்து நின்றாள். சூடு காட்டும் முள் ஏறியது, பாதியில் நின்றது, அங்கேயே நின்றது. திரும்பி வரும்போது தம்பி முழு வேகம் கொடுத்தான். முள் அசையவே இல்லை. பின்னாலிருக்கும் குழாய் எஞ்சினைக் குளிரவைத்த தண்ணீரைச் சீராகத் துப்பிக்கொண்டே வந்தது.

இறங்கும்போது அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எஞ்சின் பார்த்தவங்க கை கறுப்பாத்தான் பாத்திருக்கேன். உங்களுக்கு என்ன வெள்ளையா இருக்கு?"

"சாக்பீஸ் சார்!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

புதுப் படகுக்காரர் ஓரமாக வந்தார். "என் எஞ்சினுக்கும் ஒரு செட் அதே மாதிரி பாத்துச் சொல்லும்மா, சாக்பீஸ் அக்கா."

அக்கா தலையாட்டினாள். பட்டறைக்குள் போனாள். பெஞ்சின் மேல் கறுப்புக் கோடு விழுந்த இரண்டு மேனிஃபோல்டுகளும் இன்னும் கிடந்தன. மூலையிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

"இப்பக் காட்டுடா உன் அவசரத்த."