வால் வரும்வரை நில்லுங்கள்

யோகேஸ்வரியின் கடிதத்தைப் பதினெட்டு நாள் கம்பியில் குத்தி வைத்திருந்தது நீங்கள்தான். உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தோட்ட ஆபீசில் எந்த மேசைக்குப் பின்னால் உட்காருகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது போதும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இடம் பிள்ளைக் காம்பரா. வாரநாட்களில் பால்வெட்டுக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துதான் எல்லோரும் படிக்கிறார்கள். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், நம் தலைவலியில் பாதி who, which, where என்கிற மூன்றால் வருவது. மீதிப் பாதி ஆட்களால் வருவது.

பெயரைக் கேட்டதும் ஓட்டம்

இந்த இங்கிலீஷை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். இருபத்திரண்டு வயதில் வீட்டு வேலைக்கு வெளிநாடு போனேன். அங்கே மேடம் “Bring the bag” என்று தொடங்குவாள். ‘பேக்’ என்று காதில் விழுந்ததும் நான் ஓடிவிடுவேன். “which is under the bed” என்று அவள் முடிக்கும்போது நான் அடுத்த அறையில் இருப்பேன். அகப்பட்ட பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நிற்பேன். அது வேறு பை. மறுபடி திட்டு, மறுபடி ஓட்டம். எனக்குக் காது கேட்காதோ என்று சந்தேகப்பட்டு ஒருநாள் காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தாள்.

தமிழில் ‘நேற்று வந்த ஆள்’ என்போம். அடையாளம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். ஆளைச் சொல்லும்போதே எந்த ஆள் என்று தெரிந்திருக்கும். இங்கிலீஷில் ஆள் முதலில் வந்து நின்றுவிடுவான். எந்த ஆள் என்பது அவனுக்குப் பின்னால் வாலாக வரும். இதை எனக்குச் சொன்னது எந்த வாத்தியாரும் இல்லை. அதே வீட்டில் சமையல் செய்த வரக்காப்பொலைக்காரி பரீதா தாத்தா. முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னார்: “சாமான்ட பேரக் கேட்டவொடன ஓடாதீங்க மகள். அதுட வால் வரும்வரைக்கும் நில்லுங்க.”

மூன்றும் வேண்டாம், ஒன்று போதும்

ஊருக்குத் திரும்பி, புடவை மூட்டை தூக்கி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் விற்றேன். பேரம் பேசியே தொண்டை கட்டிப்போனவள் நான். என்னிடமே வகுப்பில் பேரம் பேச வந்தார் முனியாண்டி அண்ணன். பால் வெட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கித்துல்கல ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

“மூணு எதுக்கு டீச்சர்? that இருந்தா ஆளுக்கும் ஆகும், சாமானுக்கும் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க. அத மட்டும் குடுங்க, மத்தத நீங்களே வச்சுக்கங்க.”

“உடைச்சுக் குடுக்கிறதில்ல அண்ணே. செட்டாத்தான் எடுக்கணும்.”

“சரி, who-வையும் தாங்க. which வேணாம்.”

“which இல்லாம ஆத்த எப்படிக் காட்டுவீங்க?”

தோற்றுப்போய், வித்தியாசம் என்ன என்று கேட்டார். மனுசருக்கு who, சாமானுக்கும் மாடு கன்றுக்கும் which என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வேலையாட்களை நம்பர் போட்டுப் பதிகிற தோட்டத்துப் புத்தகத்தை நினைத்தோ என்னவோ, சிரிக்காமல் கேட்டார்: “அப்ப செக்ரோல்ல எங்களுக்கு எது டீச்சர்?”

நம்பர் உள்ள வீடு

where சொல்லிக்கொடுக்க ஒரு சுலபமான பாடம் வைத்திருந்தேன். அவரவர் விலாசத்தை எழுதச் சொல்வேன். லயத்துக் கதவுகளில் நம்பர் கிடையாது. அதனால் எங்கள் ஆட்களுக்கு விலாசம் என்றாலே வால்தான். யோகேஸ்வரி எழுதியதை இன்றும் மறக்கவில்லை. கீழ் டிவிஷனில் உள்ள, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிற, போன மழையில் கூரை பறந்த லயத்தில், கோயில் மணி தொங்குகிற பக்கமாக இருக்கிற கடைசிக் காம்பரா. ஐந்து வால், ஒரு பிழை இல்லை.

யோகேஸ்வரி வயது முப்பத்தைந்து. யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலை ஆறு மணி பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவாள். ஏ.எல். வரைக்கும் படித்தவள், தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக வேண்டும் என்று எட்டு வருசமாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று வகுப்பே அவளுக்குக் கை தட்டியது. பஜாரில் இருந்து வருகிற நில்மினி மட்டும் தட்டவில்லை. சிங்களப் பெண், நல்ல பிள்ளை, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவள். அவளுடைய கொப்பியில் ஒரே ஒரு வரி. பிழை செய்துவிட்டவளைப் போல எழுந்து நின்று சொன்னாள்: “அநே மிஸ், எங்க வூட்டுக்கு வால் இல்ல. நம்பர் மட்டுந்தான் இருக்கு.”

சின்னக் கட்டம்

இந்த வருசம் உதவி ஆசிரியருக்கு விண்ணப்பம் கேட்டார்கள். வயதெல்லை முப்பத்தைந்து. தை பிறந்தால் யோகேஸ்வரிக்கு முப்பத்தாறு. இதுதான் கடைசி.

விண்ணப்பத்தை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைத்தேன். விலாசத்துக்கு ஒரு சின்னக் கட்டம், இரண்டே வரி. அவள் தாங்கி, கூரை, மணி என்று நுணுக்கி நுணுக்கி எழுதத் தொடங்கினாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். “இதென்னடி கதையா எழுதுற? வெட்டு. பேரும் தோட்டமும் போதும்” என்று பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன். என் பங்கை நான் மறைக்கவில்லை. அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. கடித உறையை ஒட்டும்போது மட்டும் மெதுவாகக் கேட்டாள்: “நீங்கதானேக்கா வால் வர்ற வரைக்கும் நிக்கச் சொன்னீங்க?”

எந்த யோகேஸ்வரி

எங்கள் பக்கத்தில் தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. எல்லாவற்றையும் தோட்ட ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கைநீட்டினால் கடிதம், நீட்டாவிட்டால் திரும்பவும் கம்பிக்கு. எங்கள் தோட்டத்தில் நான்கு யோகேஸ்வரி. மூன்று பேர் பால் வெட்டுகிறவர்கள், அவர்கள் தங்களுடையது இல்லை என்றார்கள். நான்காமவள் அந்நேரம் பஸ்ஸில் இருந்தாள்.

பேர் கூப்பிட்ட அன்று காய்ச்சலில் பெரட்டுக்குப் போகாத அவளுடைய அம்மாதான், பிறகு லீவு கேட்கப் போனபோது கம்பியில் அந்த உறையைக் கண்டார். அதில் கூப்பிட்டிருந்த நேர்முகப் பரீட்சை முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

நான் ஆபீசுக்கு வந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழில் கத்தினேன், சிங்களத்தில் கத்தினேன், மிச்சத்தை இங்கிலீஷில் கத்தினேன். பெரட்டுக்கு வராத ஆளைத் தேடி ஆள் அனுப்பும்போது மட்டும் சரியான காம்பராக் கதவு எப்படித் தட்டப்படுகிறது என்று கேட்டேன். நீங்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “கவர்ல பேரும் தோட்டமுந்தான் இருக்கு. எந்த யோகேஸ்வரின்னு நான் எங்க போய்த் தேடுறது?”

கேகாலையில் ஒரு கதவு

நானும் யோகேஸ்வரியும் கேகாலையில் உள்ள கல்வி ஆபீசுக்குப் போனோம். மூன்று மேசை துரத்திவிட்டது. நான்காவது மேசையில் ஒரு சிங்கள அம்மா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். தவிர்க்க முடியாத காரணத்தால் வராமல் போனவர்களுக்கு இந்த மாத முடிவில் இன்னொரு நாள் இருக்கிறதாம். ஆனால் காரணம் எழுத்தில் வேண்டும். தபாலில் தாமதம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது செல்லாது.

எழுந்து வரும்போது அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தருகிறேன். “கடிதம் இத்தனை நாளும் எங்கே இருந்தது என்று, வைத்திருந்தவரே எழுதித் தரட்டும் மிஸ். மீதியை நான் பார்க்கிறேன்.”

கமாவுக்குள் இருப்பது

நீங்கள் எழுதத் தேவையில்லை என்று நானே எழுதிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு வசனம். The letter, which was kept in the estate office for eighteen days, was not given to her. தோட்ட ஆபீசில் பதினெட்டு நாள் கிடந்த கடிதம் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. உண்மைக்கு மேல் ஒரு சொல் இல்லை.

விரல் வைத்து வாசித்தீர்கள். முதல் கமாவில் விரல் நின்றது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், என்னை விட நன்றாகவே தெரியும். இரண்டு கமாவுக்குள் இருக்கிற வாலை எடுத்துவிட்டாலும் வசனம் நிற்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. வசனம் நிற்கும். யோகேஸ்வரி நிற்க மாட்டாள். கடிதம் எங்கே கிடந்தது என்று இல்லாத தாளைக் கேகாலை அம்மா வாங்கமாட்டார். அதைச் சொன்னேன். பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: “நடுவுல இருக்கிறத எடுத்துடுங்க. மிச்சத்துக்கு இப்பவே சைன் வைக்கிறேன்.”

புடவையைப் பாதி விலைக்கு விட்டிருக்கிறேன், என் மூக்குத்தியையும் விட்டிருக்கிறேன். அன்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு தடவை வெட்டியதே போதும்.

போன ஞாயிறு

அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். who வைத்துத் தங்களைப் பற்றி ஒரு வசனம் எழுதச் சொன்னேன். முனியாண்டி அண்ணன் ஆற்றைத் தெரிந்த மனிதன் என்று எழுதினார். நில்மினி எதையோ எழுதி அழித்தாள்.

யோகேஸ்வரியின் கொப்பியைப் பார்த்தேன். I am the woman who did not come. வராமல் போன பெண் நான்தான். who சரி, காலம் சரி, முற்றுப்புள்ளி சரி. சிவப்புப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “திருத்த ஒண்ணுமே இல்லையாக்கா?”

என்னால் திருத்த ஒன்றும் இல்லை, உங்களால் முடியும். மாதம் முடிய ஒரு ஞாயிறுதான் பாக்கி. தாள் என்னிடம் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, பிள்ளைக் காம்பராவில் உங்களுக்கென்று ஒரு குட்டி நாற்காலியும் துடைத்து வைத்திருக்கிறேன்.

வால் வரும்வரை நில்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நானே இப்போது ஒரு வாலுக்காக உங்கள் வாசலில் நிற்கிறேன், ஆகவே வந்து அந்த முழு வசனத்துக்கும் கையெழுத்தைப் போடுங்கள்.