எதிர்ப்பக்கம் சுழன்ற எஞ்சினும் லூர்துமேரி அக்காவும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். டிராக்டர் கேஸ்கெட் ஒன்று வாங்க விழுப்புரத்தில் உதிரிபாகக் கடை வாசலில் நின்றிருந்தேன். கைப்பேசியில் சூசை அண்ணன் பெயர் வந்தது. அவர் லூர்துமேரி அக்காவின் கணவர். திண்டிவனத்தில் பேக்கரி மாஸ்டர். அடுப்பு எரிகிற நேரத்தில் யாரையும் கூப்பிடமாட்டார்.

"ஏழுமலை, மேரி போயிட்டாப்பா. காபி குடிச்சிட்டு பேப்பர் பாத்துக்கினு இருந்தா. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள..." என்றார். எந்த மாடல் கேஸ்கெட் என்று கடைக்காரர் இரண்டாவது முறையாகக் கேட்டார். எனக்கு நினைவு வரவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் நாங்கள் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். நான் வல்லம் பக்கத்துக்காரன். சிலிண்டர்களைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒவ்வொரு பாகத்தையும் அளந்து எஞ்சினைக் கோத்து எழுப்புவது அவர் வேலை. அவருடைய அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே ஃபிட்டராக இருந்தவர். அக்காவும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பையே கேட்டு வாங்கிச் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், "ஒண்ணும் கஷ்டமில்ல, லேடீஸ் பாத்ரூம் மொத்தமும் எனக்கே எனக்குன்னு இருந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

திண்டிவனத்தில் எங்கள் பட்டறையில் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், லாரிக்காரர் ஒருவர் தன் எஞ்சினை ஒரு பெண் கோத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொன்னார். முதலாளி தயங்கினார். அக்கா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "வண்டி நின்னுபோச்சுன்னா என்னைத் தேடிக்கினு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அந்த லாரிக்காரர் மறுவருடம் தேடிக்கொண்டுதான் வந்தார். தன் தம்பியின் லாரியையும் கூட்டிக்கொண்டு.

அந்த லாரிகளுக்குப் பின்னால் பேருந்துகளும் நெல் அறுவடை இயந்திரங்களும் போர்வெல் வண்டிகளும் எங்களிடம் வரிசையில் நின்றன. ஆனால் அக்காவை அறிந்தவர்கள் எல்லோரும் இந்த மூன்று நாளாகப் பேசுவது அந்தப் படகு எஞ்சினைப் பற்றித்தான். அதில் யாருக்கும் தெரியாத ஒரு சேதி உண்டு. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் பிரகாசம் என்று ஒருவர். கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து ஒரு வேகப் படகு வாங்கியிருந்தார்கள். தம்பி பிரான்சில் இருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இருவருமாக அதைக் கடலில் ஓட்ட வேண்டும் என்பது திட்டம். படகில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டு. அதில் ஒன்று பேரிங் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. வேறு ஒரு பட்டறையில் ஏற்கெனவே பிரித்துச் செய்திருந்தார்கள். பத்து மணி நேரம்கூட ஓடவில்லை. புதிது வாங்கச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் அனுப்பினார்களாம். யாரோ எங்கள் பெயரைச் சொல்ல, மினிலாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு இஷ்டமில்லை. கடலில் ஓடுவதற்குத் திண்டிவனத்தில் வைத்தியமா என்று அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் கிண்டல் செய்தார்கள். நம்மிடம் நின்றுபோன லாரி சாலை ஓரத்தில் நிற்கும், இது நடுக்கடலில் நிற்கும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். புடவைக் கடைக்குள் நுழைந்தவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

பிரித்துப்போட்டு ஒரு முற்பகல் முழுக்க அவர் எதையும் கழுவ விடவில்லை. கிராங்க் தண்டின் பின்பக்கத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டார்ட்டர் கடித்துச் சுழற்றுகிற பல்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினார்.

"ஏழுமலை, இங்க வா. பல்லு எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு, சொல்லு."

பார்த்தேன். நாங்கள் அதுவரை கண்ட எல்லா எஞ்சின்களிலும் தேய்கிற பக்கம் புதிதுபோல இருந்தது. மறுபக்கம் மழுங்கியிருந்தது.

"இது எதிர்ப்பக்கம் சுத்துற எஞ்சின்" என்றார். இரண்டு எஞ்சின் உள்ள படகுகள் சிலவற்றில், படகு ஒரு பக்கம் இழுக்காமலிருக்க ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுழல வைப்பார்கள். முன்பு செய்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. சாதாரண எஞ்சினின் சீலைப் போட்டிருந்தார்கள். அதிலிருக்கும் மெல்லிய சாய்கோடுகள், எதிர்ப்பக்கம் சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளாமல் வெளியே இறைத்துவிட்டிருந்தன. ஆயில் வற்றி, பேரிங் பிடித்திருந்தது. பிரகாசம் ஐயாவுக்குப் போன் செய்து அக்கா அதைச் சொன்னார். அவர், எதிர்ப்பக்கத்துக்கு உரிய சீலும் புதிய பிஸ்டன்களும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிடுகிறேன் என்றார்.

பாகங்கள் வந்தன. பிஸ்டன்கள் அடித்து உருவாக்கியவை. சாதாரண வார்ப்புப் பிஸ்டனைவிடச் சூட்டில் அதிகம் விரியக்கூடியவை. அதற்கேற்ப ஒவ்வொரு சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அக்கா அளவு எழுதிக் கொடுத்தார். எனக்கு அது ரொம்ப அதிகமாகப் பட்டது. லாரி எஞ்சினில் அவ்வளவு விட்டால் பிஸ்டன் கடகடவென்று ஆடும். அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருடைய தவறை ஓசைப்படாமல் சரிசெய்வதாக எண்ணி, என் பழக்கத்துக்கு இறுக்கமாகவே கடைந்து கொடுத்தேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது படகில் எஞ்சினை இறக்கினோம். சோதனை ஓட்டத்துக்கு நான் ஏறினேன். அக்கா கரையில் நின்றார். மெதுவாகப் போகும்வரை அழகாக ஓடியது. முகத்துவாரம் தாண்டி முழு வேகம் கொடுத்த ஐந்தாவது நிமிடம், எங்கள் எஞ்சின் மூச்சுத் திணறுவதுபோல் இறுகியது. பிரகாசம் ஐயா பதறாமல் அதை அணைத்துவிட்டு, மற்ற எஞ்சினில் படகைத் திருப்பினார். கரை வரும்வரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூடியைக் கழற்றியதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சிலிண்டர் சுவரில் பிஸ்டன் உரசிய கோடுகள். "ஐயா, தப்பு என்னுது. இடைவெளி பத்தல. திருப்பி எடுத்துக்கினு போறேன், பொங்கலுக்கு முன்ன குடுத்துர்றேன்" என்றார். நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மினிலாரியில் திரும்பினோம். கிளியனூர் தாண்டுகிறவரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எவ்ளோ விட்ட ஏழுமலை?"

சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். ஐயாவிடம் ஏன் உங்கள் தப்பு என்றீர்கள், நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நான் பொய் சொல்லல. கோக்குறதுக்கு முன்ன நான் அளந்திருக்கணும். நீ கடைஞ்சதுன்னு அளக்காம உட்டுட்டேன். அது என் தப்புதான? உன்னுது வேற. நான் எழுதுனது தப்புன்னு தோணுச்சுன்னா நீ வந்து கேக்கணும். என்கிட்ட கேக்குறதுக்கு உனக்கு என்ன பயம்?"

பயமில்லை அக்கா, நீங்கள் தப்பாக எழுதியதாக நினைத்து, அதை உங்களுக்கே தெரியாமல் மறைக்கப் பார்த்தேன் என்றேன். அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அதான் பேஜாரு" என்றார். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கி மூவருக்கும் பங்கு வைத்தார். டிரைவருக்குக் கொடுத்த பங்கும் என் பங்கும் ஒரே அளவாகத்தான் இருந்தன. அந்த விஷயத்தை அதன்பின் அவர் எவரிடமும் எடுத்ததில்லை. இன்றுவரை சூசை அண்ணனுக்கும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

நல்லவேளை, உரசல் ஆழமாக இல்லை. எட்டு சிலிண்டரையும் அவர் எழுதிய அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றையும் நான் அளந்த பிறகு அவரும் அளந்தார். போகிக்கு முந்தின நாள் மறுபடி புதுச்சேரி போனோம்.

இம்முறை அக்காவே ஏறுவதாகச் சொன்னார். மெரினா கடற்கரையில் கால் நனைத்ததைத் தவிர அவருக்குக் கடலோடு பழக்கம் கிடையாது. நீச்சலும் தெரியாது. ஆரஞ்சு நிற மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, எஞ்சின் மூடியின் மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்தார். பிரகாசம் ஐயாவும், வந்து இறங்கியிருந்த அவருடைய தம்பியும் முன்னால் இருந்தார்கள். நான் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். படகு முகத்துவாரத்தைக் கடந்தது. இரண்டு எஞ்சின்களின் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்தது. பிறகு படகு கண்ணுக்கு மறைந்து, சத்தமும் மறைந்தது.

நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் பள்ளி விட்டு வருகிறவர்கள்போலக் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். இறங்கியதும் என்னிடம், "ஆயில் பிரஷர் அசையல" என்றார். ரெண்டடி நடந்துவிட்டுத் திரும்பி, "தண்ணி மேலயே நிக்கல ஏழுமலை, பறக்குது. நம்ம செஞ்சது" என்றார். 'நம்ம' என்று அவர் சொன்ன அந்தச் சொல்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு எங்களுக்குப் படகு எஞ்சின்கள் வரத்தொடங்கின. அக்கா கடைசி நாள்வரை வேலைக்கு வந்தார். திங்கட்கிழமைகூட ஒரு கிராங்கை அளந்து வைத்துவிட்டு, சூசை அண்ணன் கொடுத்துவிட்ட பன்னைப் பகிர்ந்து தின்றுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். குறை என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு வாழ்க்கை பிடித்திருந்தது.

புதன்கிழமை மாலை கோயிலில் பூசை முடிந்து, பெட்டியை ஊர்தியில் ஏற்றினோம். டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் திருப்பினார். கூட்டத்தில் எப்படியும் முப்பது மெக்கானிக்குகள் இருந்திருப்போம். வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு அத்தனை பேரும் பானெட்டைச் சூழ்ந்துவிட்டோம். ஒருவர் பம்ப் என்றார், ஒருவர் ஸ்டார்ட்டர் என்றார். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பிரகாசம் ஐயா பேட்டரி ஒயரைக் கையால் அசைத்துப் பார்த்தார், அது தளர்ந்திருந்தது. யாரோ ஸ்பானர் நீட்டினார்கள். இரண்டு நாளாகச் சிலைபோல இருந்த சூசை அண்ணன் எங்கள் எல்லோரையும் பார்த்து, "இத்தினி பேரு இருந்தும் அவ எறங்கி வரணும் போலருக்கே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

அடுத்த திருப்பலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டம்வரை நாங்கள் பின்னாலேயே நடந்தோம்.

சென்று வாருங்கள், மேரி அக்கா. வழியில் எங்கும் நிற்காமல் வண்டி நன்றாகவே ஓடியது.