லுபபாலோவின் அவசரம்

"நேரமில்ல மகாஸி, எனக்கு நேரமே இல்ல!"

லுபபாலோ காலையில் கண்ணைத் திறந்ததும் சொல்வது இதுதான். பல் விளக்கும்போது ஒரு தடவை, கஞ்சி குடிக்கும்போது ஒரு தடவை, வாசலைத் தாண்டும்போது இன்னொரு தடவை. அவன் மகாஸி என்று கூப்பிடும் பெரியம்மா புமேசாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

"எந்த ரயிலைப் பிடிக்கப் போற? தட்டைக் கழுவி வெச்சுட்டு அப்புறம் அவசரப்படு" என்பாள்.

லுபபாலோவுக்கு வயது பத்தொன்பது. பார்த்தால் பதின்மூன்றுக்கு மேல் சொல்ல முடியாது. வேன் டாக்சியில் ஏறினால் "தம்பி, அம்மா மடியில உக்காரு" என்பான் காசு வாங்குகிறவன். பிறக்கும்போதே தாயிடமிருந்து எச்.ஐ.வி. வந்துவிட்டது. புமேசாவின் தங்கையான அந்தத் தாய், இவன் தவழும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று முதல் தினமும் சாயங்காலம் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்கும்வரை எதிரே நிற்பது புமேசாவின் வேலை. அவர்கள் குடியிருக்கும் கயலிட்ஷாவில் தகரச் சுவருக்கும் காது உண்டு. அதனால் மாத்திரை டப்பா சோளமாவு வாளிக்குள்தான் இருக்கும். பையனின் தாய்மாமா சோலானிக்கே விஷயம் தெரியாது. தங்கச்சி காசநோயில் போனாள் என்றே அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தான்.

பையனுக்கு இந்த அவசரம் வந்ததே பெரிய ஆஸ்பத்திரியால்தான். பிறவியிலேயே நோய் வந்த பிள்ளைகளை அங்கே வருஷா வருஷம் கூப்பிட்டு ரத்தம் எடுப்பார்கள், குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படம் பிடிப்பார்கள், கட்டங்களைக் கொடுத்து அடுக்கச் சொல்வார்கள். போன குளிர்காலத்தில் குடும்பங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, ரொட்டியும் டீயும் கொடுத்து, கண்டுபிடித்ததைச் சொன்னார்கள். கிளினிக் நர்ஸ் போங்கேகா அதை வீட்டில் பேசும் பாஷையில் விளக்கினாள். நோயோடு வளர்கிற பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்த்தால், மொத்தத்தில் அவர்கள் வயதைவிட உடம்பு கொஞ்சம் முன்னால் ஓடுகிற மாதிரி தெரிகிறதாம். யோசிக்கிறதுக்கும் திட்டம் போடுகிறதுக்கும் உள்ள மூளையின் பகுதிகளோ, சிலருக்குப் பின்தங்கி வளர்கிற மாதிரி இருக்கிறதாம்.

லுபபாலோ எழுந்து நின்றான். "சிஸ்டர், அப்ப நான் சீக்கிரம் கிழவனாயிடுவேனா? அதுவும் புத்தி வளராத கிழவனா?"

கூடம் சிரித்தது. போங்கேகா சிரிக்கவில்லை. "இது எல்லாரையும் சேர்த்துப் பார்த்தது கண்ணு. உனக்கு இப்படித்தான்னு யாராலும் சொல்ல முடியாது. நீ மாத்திரையை விடாம போடு. உன் கையில இருக்கிறது அதுதான்."

அவன் காதில் முன்னால் சொன்ன கெட்ட சேதிதான் ஏறியது. அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரி எழுந்து நடப்பான். கண்ணாடியில் முடியை விலக்கி நரை தேடுவான். முடிவெட்டக் கற்றுக்கொண்டான், பாதியில் விட்டான், வெல்டிங் பழகப் போனான், அதையும் விட்டான். கடைசியில் ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னான்.

"டிசம்பர்ல மலைக்குப் போறேன்."

புமேசாவின் கரண்டி நின்றது. மலைக்குப் போவது என்றால் சில வாரம் அங்கே தங்கி, சடங்கு முடித்து ஆண்பிள்ளையாகத் திரும்பிவருவது. அதுவரை நாற்பது வயதானாலும் பையன்தான். கூட்டத்தில் பேச முடியாது, ஆண்கள் பக்கத்தில் உட்கார முடியாது.

"அடுத்த வருஷம் போயேன்டா. உடம்பு கொஞ்சம் தேறட்டும்."

"எந்த உடம்பு? வெளிய சின்னப்பய, உள்ள கிழவன். நடுவுல ஆம்பளையா இருக்க எனக்கு எப்பதான் நேரம்?"

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கிளினிக்கில் சோதித்துப் போகலாம் என்றார்கள். "மலையில பையன்களைப் பார்த்துக்கிறவர்கிட்ட மாத்திரை விஷயத்தைச் சொல்லிடுங்க" என்றாள் போங்கேகா. பெரியம்மாவும் பையனும் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தார்கள். சொல்வதாவது! கூட இருக்கிற பையன்களுக்குத் தெரிந்தால் சாகும்வரை அந்தப் பேர்தான் நிற்கும்.

புமேசா வேறு வழி கண்டுபிடித்தாள். மலைக்குப் போகிறவன் போர்த்திக்கொள்ளும் வெள்ளைப் போர்வை வாங்கினாள். கடைசிநாள் வரைக்குமான மாத்திரைகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் முடிச்சாக்கி, போர்வையின் ஓரத்தை மடித்து உள்ளே வைத்துத் தைத்தாள்.

"தினமும் ஒண்ணு. சிவப்புக் கோடு போட்ட பக்கம். தையலைப் பல்லால கடி, போதும்."

"நான் என்ன எலியா மகாஸி?"

"எலிக்கு உன்னைவிட ஞாபகம் ஜாஸ்தி. வாயை மூடிட்டுக் கேளு."

சோலானி வந்து அழைத்துப்போனான். பாட்டும் சத்தமுமாக ஆண்கள் போனார்கள். அங்கே நடப்பதைப் பெண்கள் கேட்கக்கூடாது, கேட்டவர்கள் சொல்லவும் கூடாது. அதனால் இந்தக் கதையிலும் அது கிடையாது.

புமேசா காலையில் அமக்வின்யா என்னும் மாவுருண்டைகளைப் பொரித்து வாசலில் விற்பாள். அந்த வாரம் மாவு பாதி வெந்தும் பாதி கருகியும் வந்தது. "எண்ணெய்ல போட்டுட்டுத் தூங்கிட்டியா?" என்று கேட்டவளிடம், "வாயில போட்டுட்டு நீ தூங்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சோலானி, மலைக்கு அனுப்பும் சோளச்சோற்றை எடுத்துப்போக வண்டியில் வந்தான். பானையை வைக்கக் கதவைத் திறந்தாள். பின்சீட்டில் அவள் வாங்கிய போர்வை விரித்துக் கிடந்தது. அதன்மேல் வெங்காய மூட்டை.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அதா? சல்லடை மாதிரி இருந்துச்சு. என் மருமகன் குளிர்ல நடுங்கவா? கனமா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு இதை சீட்டுக்குப் போட்டுட்டேன்."

அவள் ஓரத்தைத் தடவினாள். முடிச்சுகள் ஒன்றும் குறையாமல் விரலில் தட்டுப்பட்டன.

"சோலானி, அவன் சாகப் போறான்டா!"

"என்னக்கா உளர்ற?"

தெருவில் நின்றபடியே தையலைப் பிரித்துக் காட்டினாள். இத்தனை வருஷம் மாவு வாளிக்குள் இருந்ததை எல்லாம் கொட்டினாள். சோலானியின் முகம் கறுத்தது.

"என் தங்கச்சி எதுல செத்தாள்னு எனக்கே தெரியாதா? நான் மனுஷனா மரமா உனக்கு?"

"அப்புறமா திட்டு. அடிக்கக்கூட அடி. இப்ப இதை எடுத்துட்டுப் போ!"

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பெண்பிள்ளை பின்னால் போக முடியாது. புமேசா வீட்டுக்குள் நடந்தாள், வெளியே நடந்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பையனைக் கொல்லப்போவது நோயா, போர்வையா, தன் வாயா என்று மனசு மாற்றி மாற்றிக் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் சோலானி திரும்பினான். இறங்கியவன் வண்டியிலேயே சாய்ந்து நின்று சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னடா? சொல்லித் தொலை!"

"போன அன்னைக்கே பேசிட்டானாம். போர்வையை மாத்தினதும் திருதிருன்னு முழிச்சிருக்கான். அப்புறம் பார்த்துக்கிற பெரியவர்கிட்ட நேரா போய், 'ஐயா, எனக்கு இன்ன நோய், மாத்திரை போயிடுச்சு, கிளினிக்குக்கு ஆள் அனுப்புங்க'ன்னு நின்னானாம். எல்லாப் பசங்க முன்னாடியும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"அதோட முடியல. இவன் சொன்னதைக் கேட்டு இன்னும் ரெண்டு பேர் கையைத் தூக்கினாங்களாம். அதுல ஒருத்தன் மாத்திரையைக் கொண்டுவரவே இல்லையாம். பெரியவர் மூணு பேருக்கும் சேர்த்து வாங்கிட்டு வரச் சொல்லிட்டாரு."

"எனக்கு ஏன்டா யாரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"ஆம்பளைங்க சமாச்சாரம்க்கா" என்றான் சோலானி. பிறகு குரல் இறங்கியது. "நீ மட்டும் என்கிட்ட சொன்னியா?"

புமேசா இடுப்பில் கட்டிய துணியில் முகத்தைத் துடைத்தாள். திட்டம் போடும் மூளை வளரவில்லையோ என்று படம் எடுத்துப் பார்த்தார்களே, அவன்தான் யோசித்திருக்கிறான். பெரியவள் அவள் போட்ட திட்டம் வெங்காய மூட்டைக்கு அடியில் கிடந்தது.

லுபபாலோ மெலிந்துதான் திரும்பிவந்தான். ஒரு அங்குலம்கூட வளரவில்லை. இப்போது ஆண்கள் பக்கம் உட்காருகிறான், பாதிப் பேச்சில் எழுந்து நடக்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. விட்டுப்போன முடிவெட்டும் வேலையை மறுபடி பிடித்திருக்கிறான். மார்க்கெட்டுக்குப் பின்னால் நீலநிறக் கண்டெய்னர் கடை. மலைக்குக் கிளம்பப் போகும் பையன்கள் அங்கே முடிவெட்டும் சாக்கில் போய், யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். எதைக் கேட்டாலும் சொல்கிறான், ஒளிக்கிறதில்லை.

உங்கள் வீட்டிலும் மாவு வாளிக்குள் ஒரு டப்பா இருந்தால், பையனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் அவன் கடைக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.